கத்திரி வெயிலும் கழுநீர்த் தொட்டியும்

வீட்டுப் பண்ணை: மாதந்தோறும்



இம்மாதம் நமக்கு வந்துள்ள மடல்களுள் ஒரு சகோதரியின் மடல் நெஞ்சைத் தொட்டது. கணவரை இழந்தவர். இரண்டு கலப்பினப் பசுக்களை வைத்துப் பால் விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். மாசி மாதம் வரை நாளொன்றுக்கு ஒன்பது லிட்டர் கறந்த பசு, பங்குனி பிறந்ததும் ஏழாகி, சித்திரையில் ஐந்தாகிவிட்டதாம். பாலின் கொழுப்புச் சத்தும் குறைந்துவிட்டதால், பால் நிலையத்தில் லிட்டருக்குக் கொடுக்கும் விலையையும் குறைத்துவிட்டார்கள். மாடு வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். "மாடு மெலிகிறதே என்று பிண்ணாக்கையும் தவிட்டையும் கூடுதலாகக் கொடுத்தேன், நண்பகலிலும் ஒரு வேளை சேர்த்து வைத்தேன், பால் கூடவில்லை, மாடு மேலும் சோர்ந்துதான் போயிற்று. நான் செய்த தவறு என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

இக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. கறவை மாடோ, இரண்டு வெள்ளாடோ, நான்கு கோழியோ வைத்திருக்கும் எல்லா வீடுகளுக்கும் உரியது. ஆகவே, கோடை வெப்பத்தைத் தீவனத்தின் வழியே எவ்வாறு தணிப்பது என்பதையே இம்மாதப் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

வயிற்றுக்குள் ஓர் அடுப்பு

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்துங்கள். மாட்டை வாட்டுவது வெளியிலிருந்து வரும் வெயில் மட்டுமன்று. அதன் வயிற்றுக்குள்ளும் ஓர் அடுப்பு எரிகிறது. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பை ஒரு பெரிய நொதித்தல் தொட்டி போன்றது. அதில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் நொதிக்கச் செய்கின்றன. தோசை மாவு புளிக்கும்போது பாத்திரம் இளஞ்சூடாவதைத் தாய்மார்கள் அறிவார்கள். அதே செயல்தான் மாட்டின் வயிற்றிலும் இரவும் பகலும் நடைபெறுகிறது. குளிர்காலத்தில் இந்தச் சூடு அதற்குப் போர்வை. கோடையிலோ அதுவே சுமை.

தீனி உண்டு மூன்று, நான்கு மணி நேரம் கழிந்த பின்னரே இந்த உள்வெப்பம் மிகுகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்கு வயிறு நிறையத் தீவனம் வைத்தால், சரியாக வெயில் உச்சியில் நிற்கும் ஒரு மணிக்கு உள்ளடுப்பும் உச்சத்தில் எரியும். வெளியே நெருப்பு, உள்ளேயும் நெருப்பு. மாடு எங்கே போகும்? அது தன் அறிவால் ஒரு வழி கண்டுபிடிக்கிறது: தின்பதை நிறுத்திக்கொள்கிறது. நாம் அதைப் பசியின்மை என்கிறோம். உண்மையில் அது அடுப்பை அணைக்க முயல்கிறது.

மடல் எழுதிய சகோதரி நண்பகலில் கூடுதலாக ஒரு வேளை தீவனம் வைத்தது அன்பினால்தான். ஆனால், அது எரிகிற அடுப்பில் விறகைத் திணித்தது போலாயிற்று. கோடையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு கொடுப்பது என்பதைவிட, எப்போது கொடுப்பது, எதைக் கொடுப்பது என்பதே.

கடற்கரை ஊர்களின் ஏமாற்றம்

"எங்கள் ஊரில் வேலூர், வாணியம்பாடியைப் போல் வெயில் இல்லையே, கடற்காற்று வீசுகிறதே" என்று காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் இருப்போர் எண்ணக்கூடும். இது பெரிய ஏமாற்றம். கால்நடை அறிஞர்கள் வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரு குறியீட்டெண் கணக்கிடுகிறார்கள். அந்த எண் 72-ஐத் தாண்டினால் கறவை மாட்டுக்குத் துன்பம் தொடங்கிவிட்டது என்று பொருள். மிகுதியாகக் கறக்கும் மாடுகளுக்கு 68-லேயே தொடங்கிவிடுகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் கூறுகின்றன.

உள்நாட்டில் 38 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு நாளைக் கணக்கிட்டால் குறியீட்டெண் ஏறத்தாழ 84 வருகிறது. கடற்கரையில் 34 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு நாளுக்கோ அது 87 ஆகிறது! வெப்பமானி நான்கு டிகிரி குறைத்துக் காட்டினும் மாட்டின் துன்பம் கூடுதலே. காரணம் எளிது. வியர்வையும் மூச்சின் ஈரமும் ஆவியாகிப் போனால்தான் உடல் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது தடைப்படுகிறது.

விலங்குகளுக்கிடையேயும் வேறுபாடு உண்டு. காங்கேயம், உம்பளாச்சேரி, புளிக்குளம் போன்ற நம் நாட்டு மாடுகள் வெயிலைத் தாங்கப் பழகியவை. ஜெர்சி இனமோ ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஒரு தீவைச் சேர்ந்தது. ஹோல்ஸ்டீன் இனம் ஐரோப்பாவின் குளிர்ந்த வடபகுதியைச் சேர்ந்தது. அவற்றின் கலப்பினங்களில் அயல் இரத்தம் கூடக்கூட, பால் கூடும். வெயில் தாங்கும் வலிமை குறையும். எருமைக்கோ தோல் கறுப்பு, வியர்வைச் சுரப்பிகள் குறைவு. குட்டையில் புரள விடாவிட்டால் அது மாட்டினும் கூடுதலாகத் துன்புறும்.

வெப்பத் துன்பத்தைக் கண்டறிய மருத்துவர் வர வேண்டியதில்லை. நிழலில் நிற்கும் மாட்டின் விலாப் பகுதியைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். அறுபதைத் தாண்டினால் எச்சரிக்கை. எண்பதைத் தாண்டி, வாயைத் திறந்து எச்சில் ஒழுக இரைத்தால் ஆபத்து நெருங்கிவிட்டது. தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு இவ்வாறு எண்ணிப் பழகும் வீட்டில் மாட்டைத் திடீரென்று இழக்கும் நிலை பெரும்பாலும் வராது.

தீவன நேரம்

இனித் தீவன முறைக்கு வருவோம். தொழுகை நேரங்களை ஒட்டி வாழும் நம் வீடுகளில் நேர அட்டவணையை நினைவிற்கொள்வது எளிது.

சுப்ஹு தொழுகை முடிந்ததும் முதல் தீவனம். வெயில் ஏறுமுன், ஏழு மணிக்குள் மாடு தின்று முடித்திருக்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து அஸர் வரை அடர்தீவனம் எதுவும் வேண்டா. அந்நேரத்தில் நிழலும் தண்ணீரும், சிறிதளவு பசுந்தழையும் போதும். மஃரிபுக்குப் பின் இரண்டாம் தீவனம். இஷாவுக்குப் பின், நீங்கள் உறங்கச் செல்லுமுன், வைக்கோலையும் மீதிப் பசுந்தீவனத்தையும் வைத்துவிடுங்கள். ஒரு நாளின் தீவனத்தில் மூன்றில் இரு பங்கு மாலைக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட குளிர்ந்த வேளையில் உள்ளே செல்லுமாறு அமைத்துக்கொள்ளுங்கள். உள்ளடுப்பு நள்ளிரவில் எரியட்டும்; இரவுக் காற்று அந்தச் சூட்டைக் கொண்டு போய்விடும்.

இதற்குக் காசு செலவில்லை. மடல் எழுதிய சகோதரி முதலில் செய்ய வேண்டியதும் இதுவே.

எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது?

எல்லாத் தீவனமும் ஒரே அளவு சூட்டை எழுப்புவதில்லை. முற்றிய, நார் மிகுந்த வைக்கோலும் தட்டையும் சத்தைக் குறைவாகத் தந்து சூட்டை மிகுதியாக எழுப்புகின்றன. இளம் பசுந்தீவனம் எளிதில் செரிக்கிறது. தண்ணீரையும் உடன் கொண்டு வருகிறது. எண்ணெய்ச் சத்துள்ள தீவனம் எல்லாவற்றினும் குறைந்த சூட்டில் மிகுந்த ஆற்றலைத் தருகிறது.

"அப்படியானால் வைக்கோலை அறவே நிறுத்திவிடலாமா?" என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. நார் இருந்தால்தான் மாடு அசைபோடும். அசைபோட்டால்தான் உமிழ்நீர் ஊறும். ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் உமிழ்நீர் ஊறுகிறது என்றால் வியப்படைவீர்கள். அந்த உமிழ்நீரில் இயற்கையாகவே கலந்துள்ள சோடா உப்பே வயிற்றின் புளிப்பை முறிக்கிறது. நாரை ஒரேயடியாகக் குறைத்து, தவிடு, மாவு, தானியம் என்று கூட்டினால் வயிறு புளித்து, அமில நோய் வந்து, பாலின் கொழுப்பு வீழ்ந்து, குளம்பும் கெடும். ஆகவே, வைக்கோலை இரவுக்கு மாற்றுங்கள். அளவைச் சிறிது குறைத்து, குறைந்த இடத்தைப் பசுந்தீவனத்தால் நிரப்புங்கள். வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கி, தண்ணீர் தெளித்து, ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்து ஊற்றி வைத்தால் விரும்பித் தின்னும். நனைத்த வைக்கோலை அன்றே தீர்த்துவிட வேண்டும். மறுநாள் வரை கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்.

பசுந்தீவனத்துக்கு வழியில்லையே என்பது கோடையில் எல்லாருடைய குறை. கிணற்று நீர் சிறிதேனும் உள்ளவர்கள் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லைச் சில சென்ட் நிலத்தில் நட்டுவைக்கலாம். நிலமே இல்லாதவர்கள் வேலியோரமாக அகத்தி, முருங்கை, கிளிரிசிடியா, வேலிமசால், சூபாபுல் ஆகியவற்றை நடலாம். இவற்றில் சூபாபுல் தழையில் ஒரு வகை நஞ்சு உண்டாதலால், மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மர நிழலில் சிறு குழி தோண்டி, பாய் விரித்து நீர் தேக்கி அசோலா வளர்ப்போர், மாடு ஒன்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரை கழுவித் தவிட்டுடன் கலந்து கொடுக்கலாம்.

எண்ணெய்ச் சத்துக்கு நம் பாட்டிமார்கள் கண்ட வழி பருத்திக்கொட்டை. முதல் நாள் இரவு ஊறவைத்து, உரலில் ஆட்டி, அந்தப் பாலோடும் சக்கையோடும் மாட்டுக்கு வைப்பார்கள். கோடைக்கு இதைவிடப் பொருத்தமான தீவனம் அரிது. ஆற்றல், புரதம், நார் மூன்றும் அதில் உண்டு. கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு மிகாமல் கொடுக்கலாம். இளங்கன்றுகளுக்கும் குட்டிகளுக்கும் வேண்டா. எண்ணெயை நேரடியாகத் தீவனத்தில் ஊற்றிக் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எண்ணெய் மிகுந்தால் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் முடங்கி, நார் செரியாமல் போகும்.

பிண்ணாக்கை அள்ளி அள்ளிக் கொடுப்பதும் பயன் தராது. தேவைக்கு மேற்பட்ட புரதத்தை உடல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்ற வேண்டும். அந்த வேலைக்கும் ஆற்றல் செலவாகிறது. அதுவும் சூட்டைக் கூட்டுகிறது. பொதுவான கணக்கு இது: மாட்டின் உடலைப் பேண நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ கலப்புத் தீவனம், அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. ஒன்பது லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஐந்து கிலோவே போதும். கடலைப் பிண்ணாக்கில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை தெரிந்தாலோ, முடை நாற்றம் வீசினாலோ கழித்துவிடுங்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுப்பதோடு பால் வழியே நம் பிள்ளைகளின் வயிற்றுக்கும் வரும்.

உப்பும் சோடாவும்

நமக்கு வியர்த்தால் சோடியம் மிகுதியாக வெளியேறுகிறது. மாட்டின் வியர்வையிலோ பொட்டாசியம் மிகுதியாக வெளியேறுகிறது. அஃதன்றி, விடாமல் இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தின் அமில காரச் சமநிலை பிறழ்கிறது. அதைச் சரிசெய்யச் சிறுநீரகம் பைகார்பனேட் உப்பை வெளியேற்றுகிறது. எச்சில் ஒழுகுவதால் இன்னும் கொஞ்சம் போய்விடுகிறது. முடிவில், வயிற்றின் புளிப்பை முறிக்க வேண்டிய சரக்கு கையிருப்பில் இல்லாமற் போகிறது. கோடையில் பாலின் கொழுப்பு குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு மாற்று நம் சமையலறையிலேயே இருக்கிறது. ஆப்பச் சோடா எனப்படும் சமையல் சோடாவை, நூறு கிலோ கலப்புத் தீவனத்துக்கு ஒரு கிலோ என்ற அளவில் கலந்துகொள்ளுங்கள். ஐந்து கிலோ தீவனம் தின்னும் மாட்டுக்கு ஐம்பது கிராம் சேரும். துணி வெளுக்கும் சோடா வேறு. அதை ஒருபோதும் தொடாதீர்கள். சினையாக இருந்து கன்று ஈனுவதற்கு மூன்று வாரங்களே உள்ள மாட்டுக்கும் சமையல் சோடா கூடாது. ஈன்றதும் பால் காய்ச்சல் வந்து மாடு படுத்துவிடும் வாய்ப்பு கூடும்.

சாதாரண உப்பும் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ சேர்க்கலாம். எனினும், கிணற்று நீரே உப்புக் கரிக்கும் கடற்கரை ஊர்களில் பாதியளவு போதும். தண்ணீர் தாராளமாக இல்லாத இடத்தில் உப்பைக் கூட்டவே கூடாது. பொட்டாசியத்துக்குப் பசுந்தீவனமே சிறந்த வழி. அதோடு தாது உப்புக் கலவையை நாளொன்றுக்கு ஐம்பது கிராம் அளவில் ஆண்டு முழுவதும் கொடுக்க வேண்டும். 1989-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், நம் மாநிலத்துக்கு ஏற்ற தாது உப்புக் கலவையைத் தயாரித்து வழங்கி வருகிறது. மாட்டின் வயிற்றுக்கு உகந்த ஈஸ்ட் பொடியும் கடைகளில் கிடைக்கிறது. வசதியுள்ளோர் கால்நடை மருத்துவரைக் கேட்டு வாங்கலாம். ஆனால், நேரத்தையும் தண்ணீரையும் சரிசெய்யாமல் பொடிகளை மட்டும் வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும்.

தண்ணீரே முதல் தீவனம்

பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர்தான். கோடையில் ஒரு கறவை மாடு எண்பதிலிருந்து நூறு லிட்டர் வரை குடிக்கக் கூடும். காலையும் மாலையும் ஒரு வாளி காட்டிவிட்டு, "குடித்துவிட்டது" என்று நாம் நிறைவடைந்தால், பால் எங்கிருந்து வரும்? தொட்டி எந்நேரமும் நிறைந்திருக்க வேண்டும். அதுவும் நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்து சுட்ட நீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். கறந்து முடித்தவுடன் மாட்டுக்குத் தாகம் மிகும். அப்போது தண்ணீர் முன்னால் இருக்க வேண்டும்.

கழுநீர்த் தொட்டியைப் பற்றி ஒரு சொல். அரிசி கழுவிய நீரும் வடித்த கஞ்சியும் மாட்டுக்குப் போவது நம் வீடுகளின் நல்ல வழக்கம். ஆனால், கோடையில் அது சில மணி நேரத்தில் புளித்துப் பொங்குகிறது. நேற்றைய கழுநீரின் மேல் இன்றைய கழுநீர், அதன் மேல் மிஞ்சிய சோறு என்று சேர்ந்துகொண்டே போனால், தொட்டியில் இருப்பது தீவனமன்று, புளித்த காடி. ஏற்கெனவே புளிப்பை முறிக்க வலுவின்றி நிற்கும் வயிற்றுக்கு அது பெருந்தீங்கு. தொட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். கழுநீருக்கு ஒரு தொட்டி, நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி எனப் பிரித்து வையுங்கள்.

பெருநாள் கிடாவும் நம் பிள்ளைகளின் அன்பும்

ஹஜ்ஜுப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னேறி வருகிறது. நம் நாட்டில் 2023-இல் ஜூன் 29, 2024-இல் ஜூன் 17, 2025-இல் ஜூன் 7 ஆகிய நாள்களில் பெருநாள் வந்தது. இனிவரும் சில ஆண்டுகளில் அது மே, ஏப்ரல் என்று கடுங்கோடைக்குள்ளேயே வரும். ஆகவே, குர்பானிக்கென்று ஆடு வாங்கி வீட்டில் கட்டும் ஒவ்வொரு குடும்பமும் கோடைத் தீவன முறையை அறிந்திருப்பது இன்றியமையாததாகிறது.

இதை நான் ஏட்டறிவால் மட்டும் எழுதவில்லை. ஓர் ஆண்டு எங்கள் வீட்டில் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு கிடாவை வாங்கி முற்றத்தில் கட்டினோம். அது கிராமத்தில் கருவேல நெற்றும் காய்ந்த தழையும் தின்று வளர்ந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாரும் அதற்கு நண்பர்களானார்கள். ஒருவன் வாழைப்பழத் தோல் கொடுத்தான். ஒருத்தி வீட்டில் மிஞ்சிய நெய்ச்சோற்றைக் கொண்டுவந்து ஊட்டினாள். நானும், சதை பிடிக்கட்டும் என்று ஊறவைத்த கோதுமையைப் படி கணக்கில் வைத்தேன். நான்காம் நாள் நண்பகலில் கிடா அசைபோடுவதை நிறுத்தியது, பல்லைக் கடித்தது, இடப்பக்க வயிறு உப்பியது, மாலைக்குள் சாய்ந்துவிட்டது. பிள்ளைகள் அழுத அழுகை இன்னும் என் காதில் ஒலிக்கிறது. அதைக் கொன்றது வெயில் மட்டுமன்று; பழகாத வயிற்றில் நான் கொட்டிய தானியமும், அதைத் தடுக்காத என் அறியாமையுமே.

சோறும் கோதுமையும் ஆட்டின் வயிற்றில் விரைந்து புளித்து அமிலமாக மாறுகின்றன. வெயிலில் இரைத்து, நீர் வற்றி நிற்கும் ஆட்டுக்கு அதைத் தாங்கும் ஆற்றல் இல்லை. ஆகவே, ஆடு வாங்கும்போது விலை பேசுவதோடு, "இதுவரை என்ன தின்றது?" என்றும் விற்பவரைக் கேளுங்கள். வந்த அன்று நிழல், தண்ணீர், பழகிய உலர்தழை, இவை போதும், தானியம் வேண்டா. புதுத் தீவனத்தை ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை சிறுகச் சிறுகப் பழக்க வேண்டும். இருபத்தைந்து, முப்பது கிலோ எடையுள்ள ஆட்டுக்குத் தழையும் புல்லுமாக மூன்று, நான்கு கிலோவும், கலப்புத் தீவனம் இருநூறு, இருநூற்றைம்பது கிராமும் போதுமானவை. தழையைக் கட்டித் தொங்கவிட்டால் விரும்பித் தின்னும். தரையில் போட்டு மிதிபட்டதைத் தொடாது. தண்ணீரும் அவ்வாறே; அழுக்கு நீரை ஆடு குடிக்காமல் தாகத்தோடு நிற்கும்.

தானியமும் தவிடும் மிகுந்து, தண்ணீர் குறைந்தால் கிடாக்களுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைப்பதும் உண்டு. கிடா முக்கி முக்கி நின்று, சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள்: ஆட்டுக்குச் சோறு ஊட்டும் அன்பை, மணிக்கொரு முறை நல்ல தண்ணீர் மாற்றி வைக்கும் அன்பாக மாற்றிவிடுங்கள்.

கோடைப் பயிரில் மறைந்திருக்கும் நஞ்சு

மேய்ச்சலுக்கு விடுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. மழையின்றி வாடிய இளஞ்சோளப் பயிரிலும், அறுத்த தாளிலிருந்து துளிர்க்கும் மறுதாம்புத் துளிரிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சு சேர்கிறது. பசியோடு அவிழ்த்துவிட்ட மாடு அதில் வாய்வைத்தால் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி வீழ்ந்து இறக்கவும் கூடும். சோளம் பூவெடுத்த பின்னரே அறுத்துப் போட வேண்டும். மரவள்ளி இலையிலும் இதே நஞ்சு உண்டு. பச்சையாக அப்படியே கொடுக்கலாகாது.

கோழிகளுக்கு

கோழிக்கு வியர்வைச் சுரப்பியே இல்லை. வாயைத் திறந்து இரைப்பதொன்றே அதற்கு வழி. அவ்வாறு இரைக்கும்போது முட்டை ஓட்டுக்குத் தேவையான கார்பனேட் குறைகிறது. கோடையில் தோல்முட்டை விழுவது இதனால்தான். தீவனத்தை விடியலிலும் மாலையிலும் வையுங்கள். நண்பகலில் தானியத்தை அகற்றிவிடுங்கள். மண் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நாளுக்கு நான்கைந்து முறை மாற்றுங்கள். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில் ஆதலால், இடித்த கிளிஞ்சலை மாலையில் வைப்பது நலம். வெப்ப நாள்களில் கோழியின் உடல் தானாக உண்டாக்கும் வைட்டமின் 'சி' போதுவதில்லை. ஒரு நெல்லிக்காயைத் துருவித் தீவனத்தில் கலந்து வைக்கலாம். மாட்டுக்குச் சொன்னது போல் கோழிக்கு உப்பைக் கூட்டிவிடாதீர்கள்; அது தாங்காது.

தீவனத்தால் ஆகாதது

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கோடையில் குறையும் பாலில், மாடு குறைவாகத் தின்பதால் குறைவது ஏறத்தாழப் பாதியளவே என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மீதி, வெப்பத்தால் உடலுக்குள் நிகழும் மாற்றங்களால் ஏற்படுவது. தீவனம் முதற்பாதியைத்தான் மீட்டுத் தரும். மறுபாதிக்கு நிழலும் காற்றும் ஈரமும் வேண்டும். கூரைமேல் தென்னங்கீற்று பரப்புங்கள். நண்பகலில் இருமுறை மாட்டின் மேல் தண்ணீர் ஊற்றிக் காற்றுப் படும் இடத்தில் நிறுத்துங்கள். காற்றோட்டமில்லாத கொட்டிலில் தண்ணீர் தெளிப்பது புழுக்கத்தையே கூட்டும்.

மாடு தள்ளாடி விழுந்துவிட்டால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து தலை, கழுத்து, கால்கள் என உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றுங்கள். வாயைப் பிளந்து நீரையோ மருந்தையோ புகட்டாதீர்கள். புரையேறி நுரையீரலில் இறங்கிவிடும். 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

சகோதரிக்கு

மடல் எழுதிய சகோதரியே! நண்பகல் தீவனத்தை நாளையே நிறுத்துங்கள். அதை மஃரிபுக்குப் பின்னுக்கு மாற்றுங்கள். கூடுதலாகச் சேர்த்த பிண்ணாக்கைக் குறைத்து, மிஞ்சும் பணத்தில் பருத்திக்கொட்டையும் தாது உப்பும் சமையல் சோடாவும் வாங்குங்கள். புதிதாகச் சேர்ப்பதை ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தொட்டியை நிழலுக்கு நகர்த்துங்கள். இவையெல்லாம் செய்தாலும் ஒன்பது லிட்டர் சித்திரையிலேயே திரும்பிவிடும் என்று நான் பொய்யாக நம்பிக்கையூட்ட மாட்டேன். ஆனால், இறங்குமுகம் நிற்கும். கொழுப்புச் சத்து மெல்ல ஏறும். மழை தொடங்கும்போது மாடு எலும்பும் தோலுமாக இராமல், மீண்டும் சினை பிடிக்கும் உடலோடு இருக்கும். உங்கள் தவணைகளைத் தாங்கப் போவது அந்த உடல்தான்.

கட்டிவைத்த விலங்கு தானாகப் போய்த் தண்ணீர் தேடிக்கொள்ள முடியாது. தனக்கு வெயில் என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. கயிற்றை நாம் பிடித்திருக்கும் வரை, அதன் தாகத்துக்கு நாமே பொறுப்பு. இன்று பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் தொழுவத்துக்குச் சென்று, அதன் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். எத்தனை வந்தது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் தொடர்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.